அஞ்சலை ஊற்றிய தண்ணீர்

எலுமிச்சைச் சாதப் பொட்டலம் ஒன்று மிஞ்சியிருந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. காலையில் முப்பத்தாறு தலையை எண்ணி முப்பத்தாறு பொட்டலம் கட்டச் சொன்னவன் நான். எவனோ ஒருத்தன் எலுமிச்சைச் சாதம் பிடிக்காது என்று பிஸ்கட்டைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். "எந்த மகராசன்டா சாப்பாடு வாங்கல?" என்று கத்தினேன். வேலமரத்தடியில் சாய்ந்திருந்த பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

ஒரு பெண் பிள்ளை எழுந்து, "அண்ணே, சுகன்யாவைக் காணும்ணே" என்றாள்.

மணி ஒன்றே முக்கால். மாசி மாதக் கடைசி. பெரம்பலூர்ச் சீமையில் காரை என்கிற ஊருக்குப் பக்கத்து ஓடைக்காட்டில் நின்றுகொண்டிருந்தோம்.

மூட்டை கட்டுகிற உத்தியோகம்

இந்தத் தொடரைப் போன வாரங்களில் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பேராசிரியன் இல்லை. திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் துறையில் லேப் அட்டெண்டராக இருபத்தொன்பது வருஷம் இருந்தவன். பெயர் கலியபெருமாள். பிள்ளைகளுக்குக் கலியண்ணன்.

வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கேம்ப் கூட்டிக்கொண்டு போவார்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்த பூமி. ஓடையில் இறங்கினால் கல்லாகிப்போன சங்கும் சிப்பியும் நத்தையும் காலில் இடறும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். நான் பாடாலூர்க்காரன். எனக்கு அது மாட்டுக்குப் புல்லறுக்கப் போன இடம்.

பாடம் சொல்லிக்கொடுப்பது கூட வருகிற பேராசிரியை, எங்கள் மேடம், வேலை. சுத்தியல், உளி, கயிறு, தண்ணீர் கேன், தார்ப்பாய், மருந்துப் பெட்டி, குடை, விசில் என்று மூட்டை கட்டுவது என் வேலை. அந்த வேலையில் நான் கொஞ்சம் கர்வி. ஒரு ஆணி விட்டுப்போயிருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

கர்வம் வர என்ன காரணம் என்றால், வெறுமனே காசு கொடுத்து வாங்கின சாமான் எதுவும் எங்கள் ஊரில் உழைக்காது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஒருமுறை பெரிய மனது வைத்து நிர்வாகம் கூடாரம் வாங்கிக் கொடுத்தது. பச்சை நிறம், ஜிப் வைத்தது, மழை வந்தால் ஒழுகாது என்று விளக்கம் வேறு. பாடாலூருக்கு மேற்கே பொட்டலில் அடித்தோம். காய்ந்த களியில் முளை விரற்கடைகூட இறங்கவில்லை. சுத்தியலால் அடித்தால் முளைதான் வளைந்தது. கல்லை வைத்துக் கட்டினோம். ஆடிக்காற்று இல்லாத மாதத்திலேயே அது பறந்து போய் ஒருத்தர் பருத்திக் கொல்லையில் உட்கார்ந்தது. கொல்லைக்காரர் அதைத் திருப்பித் தர, ஒரு மணி நேரம் வசவு வாங்கினோம்.

அதற்கப்புறம் கல்யாண மண்டபத்தில்தான் தங்கல். வெளியில் நிழலுக்கு உரச்சாக்கைப் பிரித்துத் தைத்த படுதா. கிழிந்தால் கோணி ஊசி போதும். நாலு சவுக்குக் கம்பு, ஒரு கயிறு. என்னைக் கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

தண்ணீருக்கும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் ரெண்டு, அவற்றைச் சுற்றி நனைத்த கோணித்துணி. துணி காயக் காயத் தண்ணீர் குளிரும். பிள்ளைகள் சிரிப்பார்கள். "என்னண்ணே, பாட்டிலுக்குப் பாவாடை கட்டி விட்டிருக்கீங்க?" என்பார்கள். மத்தியானம் யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம் என்பேன். மத்தியானம் எவனும் சிரித்ததில்லை.

முயல் சொன்ன பாடம்

இப்போது தொப்பிக்கு வருகிறேன். எல்லாம் அந்தத் தொப்பியால் வந்த வினை.

என் மச்சான் ஒருத்தர், அக்காள் புருஷன், வாலிபத்தில் வேட்டைக்குப் போனவர். அதெல்லாம் இப்போது சட்டப்படி குற்றம். யாரும் போகவேண்டாம், நானும் ஆதரிக்கவில்லை. அவரும் விட்டுவிட்டார். ஆனால் பேச்சை மட்டும் விடவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"மாப்ள, காட்டுக்குள்ள வெள்ள வேட்டி கட்டிக்கிட்டுப் போவக் கூடாது. ஊருக்கு அந்தாண்ட நிக்கிற மொயலுக்குக்கூட தெரிஞ்சிரும்."

எனக்குப் பொறி தட்டிற்று. வேட்டைக்கு ஆகாதது கேம்புக்கு ஆகுமே! முயலுக்குத் தெரிகிற வெள்ளை எனக்குத் தெரியாதா? வெயிலுக்கும் வெள்ளைதான் நல்லது. ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். அந்த வருஷம் நானே கடைக்குப் போய் முப்பத்தாறு வெள்ளைத் தொப்பியும் முப்பத்தாறு வெள்ளைத் துண்டும் வாங்கினேன். மேடம் பாராட்டினார். நான் ஒரு சுற்றுப் பருத்துவிட்டேன்.

காலையில் வேனில் ஏறுவதற்கு முன்னால் பிரசங்கமே செய்தேன். "தொப்பியக் கழட்டக் கூடாது. தனியாப் போவக் கூடாது. வழி தப்பிட்டா நின்ன எடத்துலயே நில்லு. நாங்க வந்து கண்டுபிடிப்போம்."

இதில் ரெண்டாவதைப் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு நல்ல நத்தையைக் கண்டுவிட்டால் அடுத்தது எங்கே என்று பூனைபோல் போய்க்கொண்டே இருப்பார்கள். சுகன்யாவும் அப்படித்தான் போயிருக்கிறாள்.

மற்ற ரெண்டையும் அவள் அப்படியே கேட்டுக்கொண்டாள். அதுதான் அவளைக் கொல்லப் பார்த்தது.

எங்கே பார்த்தாலும் வெள்ளை

அந்த ஓடைக்காட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். மழை அறுத்து அறுத்து, பூமி முழுக்க மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும். ஆள் உயரம், ரெண்டாள் உயரம் என்று கரைகள். ஒரு பள்ளத்தில் இறங்கினால் பக்கத்துப் பள்ளத்தில் இருப்பவர் குரல் கேட்காது. வெளிறின களிமண். அந்த மண்ணில் ஜிப்சம் என்கிற வெள்ளைக் கல் ஏடு ஏடாக வெடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெயில் பட்டால் கண்ணாடிச் சில்லு கொட்டி வைத்தாற்போல மின்னும்.

முப்பத்தைந்து பிள்ளைகளும் மேடமும் வேன் டிரைவரும் நானும் மேட்டில் ஏறி நின்று வெள்ளைத் தொப்பியைத் தேடினோம்.

"அதோ!" என்றான் ஒருத்தன். ஓடினோம். ஜிப்சம்.

"அண்ணே, அங்க!" என்றாள் இன்னொருத்தி. இறங்கி ஏறி மூச்சிரைக்கப் போனால் அதுவும் ஜிப்சம்.

நாலாவது தடவை ஓடித் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் காட்டில் இருக்கிற அத்தனை நிறத்தையும் விட்டுவிட்டு, எது கண்ணுக்குத் தெரியாதோ அந்த நிறத்தைப் பிள்ளையின் தலையில் கவிழ்த்து அனுப்பியிருக்கிறேன். மச்சான் வேட்டையாடினது செம்மண் காடு. அங்கே வெள்ளை தெரியும். இது வேறு காடு. பிறந்து வளர்ந்த ஊரில் இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன் பாருங்கள்.

விசில் ஊதினோம். பதில் இல்லை. அவள் விசில் பையில் இருந்தது, பை வேனில் இருந்தது. அவளுடைய பாவாடை கட்டின பாட்டில் ரெண்டில் ஒன்றும் வேனிலேயே கிடந்தது. கையில் ஒரு பாட்டில்தான் கொண்டுபோயிருக்கிறாள், அதுவும் பாதி என்றாள் அவள் தோழி.

மேடம் உதட்டுக்குள் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளை ரெண்டு ரெண்டு பேராகப் பிரித்து அனுப்பினேன். நான் வடக்கே ஓடினேன். என் பாட்டில் காலி. ஓட ஓட, அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது. அவர் திருச்சியில் வேன் ஏற்றிவிட வந்திருந்தார். "பாத்துக்கங்கண்ணே" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நிழல்

ஒரு சரிவில் ஆடுகள் நின்றன. இருபது இருபத்தைந்து இருக்கும். கரை ஓரத்து நிழலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டு நின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு பெண் உட்கார்ந்து தூக்குச்சட்டியில் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். தலையில் சும்மாடு, பக்கத்தில் தழை இழுக்கிற தொரட்டி.

"ஏம்மா, இந்தப் பக்கம் ஒரு பொண்ணு வந்துச்சா? வெள்ளத் தொப்பி போட்டிருக்கும்."

"வெள்ளயா? இங்க எல்லாந்தான் வெள்ளயா மின்னுது. எத்தினி மணியிலேர்ந்து காணும்?"

"பன்னண்டு, பன்னண்டரை இருக்கும். எவ்ளோ நேரமாத் தேடுறோம்! நின்ன எடத்துலதான் நிக்கும், அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த வெயில்லயா? ஆடே நிக்காது சார். மனுசி நிப்பாளா?"

கூழை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். எனக்கு விளக்கம் சொல்கிறாளா, தனக்குத்தானே பேசிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை. "உச்சிக்கு மேல இந்தப் பக்கம் மூணு எடத்துலதான் நெழல் வுழும். இது ஒண்ணு. இங்க நான் இருக்கேன். ரோட்டோரம் வேலமரம் ஒண்ணு. அங்க நீங்க இருக்கீங்க. இன்னொண்ணு நரியோடையில. மேக்காலக் கரை அடியில கொடஞ்சாப்ல இருக்கும். மயக்கம் வந்தா எந்த சீவனும் நெழலுக்குத்தான் ஊரும்."

சொல்லி முடிக்கும்போது பத்தடி தூரம் போய்விட்டாள். ஒரு கையில் தொரட்டி, ஒரு கையில் தண்ணீர் பாட்டில். செருப்பு ரப்பர் செருப்பு. ஆயிரம் ரூபாய் பூட்ஸ் போட்ட நான் வழுக்கி வழுக்கிப் பின்னால் ஓடினேன். ஒரு திருப்பத்தில் அவள் கண்ணில் இருந்து மறைந்துவிட்டாள்.

இருபத்தொன்பது வருஷம் நான் தேடின முறை இதுதான்: எங்கே விட்டோமோ அங்கிருந்து தேடுவது. அவள் தேடவே இல்லை. வெயில் ஒரு உயிரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று மட்டும் கணக்குப் பார்த்தாள்.

நான் கத்தியது

நரியோடைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சுகன்யா அந்தக் குடைவுக்குள் கிடந்தாள். முகம் செங்கல் சூளை மாதிரி சிவந்திருந்தது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. கண் பாதி திறந்து, "அம்மா பஸ் வந்துருச்சு, அம்மா பஸ் வந்துருச்சு" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் தன் பாட்டில் தண்ணீரை அவள் கழுத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தில், அக்குளில், தொடையிடுக்கில். முந்தானையைக் கிழித்து நனைத்து நெஞ்சில் போட்டிருந்தாள். தண்ணீர் வழிந்து மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது.

அந்த ஓடைக்குள் எங்கள் கையில் இருந்த ஒரே தண்ணீர்.

"ஏம்மா, ஒனக்கு அறிவு இருக்கா? குடிக்கக் குடுக்காம கீழ கொட்டுறியே!"

அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "வாயில ஊத்தக் கூடாது சார். நெனவு இல்ல. பொறயேறிப் போயிரும்."

"நீ என்ன டாக்டரா? கொண்டா இங்க!"

பாட்டிலைப் பிடுங்கப் போனேன். பட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்டு மிச்சம் இருந்த தண்ணீரையும் உச்சந்தலையில் கவிழ்த்தாள். பாட்டில் காலி.

அப்போது நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இந்த அத்தியாயத்துக்கு அர்த்தம் இல்லை. "புள்ளைக்கு மட்டும் எதாச்சும் ஆச்சு, ஒன்னச் சும்மா வுட மாட்டேன். நீதான் தண்ணியக் கொட்டிக் கொன்னுட்டேன்னு போலீஸ்ல சொல்லுவேன்" என்றேன். என் நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தான்.

அவள் கிழிந்துபோன சேலைத் தலைப்பால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். விசில் ஊதினேன். நாலு பையன்கள் நிழல் படுதாவோடு ஓடி வந்தார்கள். படுதாவில் போட்டுத் தூக்கினோம். வேனில் ஏற்றினோம். ஜன்னல் எல்லாம் திறந்து, மிச்சம் இருந்த பாட்டில்களை எல்லாம் மேடம் பிள்ளைமேல் ஊற்றினார். பெரம்பலூர் போய்ச் சேர்கிற வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை.

டாக்டர் கேட்ட கேள்வி

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர். ரெண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்றார்.

"யாருங்க உடனே உடம்பை நனைச்சது?" என்று கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரியான ஆள். சூடு அவ்வளவு ஏறியிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா மூளையே போயிருக்கும். நல்லவேளை, வாயில ஊத்தல. நெனவு இல்லாத ஆளுக்கு ஊத்தினா நேரா நுரையீரலுக்குத்தான் போகும். நெறையப் பேரு அந்தத் தப்பைத்தான் பண்ணுவாங்க."

அந்த நிறையப் பேரில் முதல் ஆள் அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு என் மூட்டையில் எத்தனையோ மாறிப்போனது. வெள்ளைத் தொப்பியை விட்டேன். கண்ணைப் பறிக்கிற ரோஸ் துணியில் தொப்பி தைக்கச் சொன்னேன். பையன்கள் முணுமுணுத்தார்கள், கிடக்கட்டும். விசில் பையில் இல்லை, கழுத்தில். "நின்ன எடத்துல நில்லு" என்பதை "நெழல்ல போய் உக்காரு, வாய்ப்பாடு மாதிரி நிமிசத்துக்கு ஒருதரம் ஊது" என்று மாற்றினேன். காட்டில் இறங்கும் முன் யாராவது ஆடு மேய்க்கிறவரைப் பிடித்து, எந்த நேரத்தில் எங்கே நிழல் என்று கேட்டுப் பிள்ளைகளின் நோட்டில் எழுத வைத்தேன். நீங்களும் வெளியில் தங்கப் போகிறவர்களானால் இதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் குடிக்க என்றால், இன்னொரு பாட்டில் உடம்பில் ஊற்ற. ரெண்டாவதைக் குடிக்கத் தொடக் கூடாது.

ஆனால் இவையெல்லாம் மாறுவதற்கு முன்னால் நான் செய்திருக்கவேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதைச் செய்ய ஒன்பது நாள் ஆயிற்று.

ஒன்பது நாள்

காரணம் சொல்லலாம். கல்லூரியில் விசாரணை, விளக்கக் கடிதம், சுகன்யா வீட்டார், அது இது என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் வெட்கம். கத்தின வாயோடு போய் எப்படி முகத்தில் விழிப்பது?

பத்தாம் நாள் காலையில் கிளம்பிப் பாடாலூரில் இறங்கினேன். தம்பியின் வண்டியை வாங்கிக்கொண்டு அந்த ஓடைக்காட்டுக்குப் போனேன். ஆடு ஒன்றையும் காணவில்லை. ரோட்டோர டீக்கடையில் விசாரித்தேன். இப்படி, நரியோடைப் பக்கம் ஆடு மேய்க்கிற அம்மா, தொரட்டி வைத்திருக்கும் என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"அஞ்சலயக் கேக்குறீங்களா? அது ஆடு ஓட்டி ஒரு வாரத்துக்கு மேல ஆவுதுங்க. யாரோ காலேஜ் பொண்ணு செத்துப்போச்சாமுல்ல? இது தண்ணியக் கீழ ஊத்திடுச்சாம், அதுனாலதான் செத்துச்சாம். போலீஸ் வரும்னு வூட்டுக்குள்ளயே கெடக்குது. சோறு தண்ணி எறங்கல. நீங்க யாருங்க?"

நான் யார் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. டீயைக் குடிக்க முடியவில்லை. அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பிள்ளை செத்துப்போயிற்று என்று யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியாது. வேன் பறந்த வேகத்தைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் "நீதான் கொன்றாய்" என்ற பேச்சை அந்தக் காட்டில் விதைத்தவன் நான் ஒருத்தன்தான். ஒரு உயிரைக் காப்பாற்றின மனுஷி, கொலைகாரி என்று தன்னை நினைத்துக்கொண்டு ஒன்பது நாள் கிடந்திருக்கிறாள். நான் திருச்சியில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டி திறந்தது

கூரை வீடு. பக்கத்தில் முள் அடைத்த பட்டி. ஆடுகள் உள்ளே கத்திக்கொண்டிருந்தன. அறுத்துப் போட்ட தழை காய்ந்து கிடந்தது. வாசலில் வண்டி நின்ற சத்தத்துக்கு அஞ்சலை வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"போலீஸ் பின்னால வருதா சார்?"

"இல்லம்மா..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். ஆடு வெயில்ல சுருண்டு வுழுந்தா அப்படித்தான் நனைப்போம். வாயில ஊத்துன ஆடெல்லாம் செத்துப்போவும். அதான் பண்ணினேன். அந்தப் புள்ளைக்காவ மாரியாத்தாளுக்குக் கெடாக்குட்டி ஒண்ணு நேந்து வுட்டேன். அப்பறந்தான் சொன்னாங்க, செத்துப்..."

"சாவல அஞ்சல! புள்ள நல்லா இருக்கு. நீ நனைச்சதாலதான் இருக்கு. டாக்டரே சொன்னாரு."

அவள் நம்பவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஏதோ கையெழுத்து வாங்கிக்கொண்டு போக இனிக்கப் பேசுகிறான் என்று நினைத்திருப்பாள் போல. "எங்க வூட்டுக்காரரு வெளியூருல வேலைக்குப் போயிருக்காரு சார், அவரு வரட்டும்" என்றாள்.

நான் போனை எடுத்து சுகன்யாவின் அப்பா நம்பரைப் போட்டேன். ரெண்டு தடவை தப்பு நம்பர் அழுத்தினேன். பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன். ஸ்பீக்கரைப் போட்டு அஞ்சலை முன்னால் நீட்டினேன்.

"கலியண்ணே?"

"பாப்பா, ஒன்னக் காப்பாத்துனவங்க இங்க நிக்கிறாங்க. பேசு."

அந்தப் பிள்ளை, "அக்கா," என்றாள். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. கழுத்துல சில்லுன்னு ஒண்ணு வுழுந்துச்சு. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. நீங்கதானாக்கா அது?"

அஞ்சலை போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். முகத்தை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதாள். போனில் அந்தப் பிள்ளை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நானும் அழுதேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு அவள் போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்க் கத்தினாள், தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கவேண்டும் என்பதுபோல.

"நான்தான் பாப்பா! இப்ப சாப்புடுறியா நல்லா? வெயில்ல போவாத!"

போனை வைத்ததும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அன்னைக்கு நான் பேசுனது தப்பும்மா. தெரியாமக் கத்திட்டேன். மன்னிச்சிரு" என்றேன். எங்கள் கல்லூரி முதல்வரிடம்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.

"கண்ணு முன்னால புள்ள கெடந்தா யாரும் கத்தத்தான் செய்வாங்க" என்றாள் அஞ்சலை. "ஆனா ஒரு ஆளு அனுப்பியிருக்கலாமுல்ல சார். உசுரோட இருக்குதுன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான்."

இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். நேரத்தில் போய்ச் சேராத நன்றி எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த வாசலில்தான் தெரிந்துகொண்டேன். என் உடம்பில் உயிர் இருக்கிற வரைக்கும் அந்த மனுஷிக்கு நான் கடமைப்பட்டவன்.

"மணி என்ன சார் ஆச்சு?" என்று கேட்டாள்.

"பத்தாவப் போவுது."

"நேரமாச்சே."

உள்ளே போய்த் தொரட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். பட்டியில் வைத்திருந்த முள்ளைத் தள்ளினாள். ஒன்பது நாள் அடைந்து கிடந்த ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வெளியே பாய்ந்தன. நான் வண்டியை ஓரத்தில் தள்ளி நிறுத்தி வழிவிட்டேன்.